ப்ளக் பாயின்ட்டிலிருந்து தொடங்கும் பாடம்

பள்ளிக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போவது சுவரில் இருக்கும் ப்ளக் பாயின்ட்டுக்கு. கணினியும் ஸ்மார்ட் போர்டும் பிறகுதான். எர்த் வயர் உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறதா, மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை யாராவது உடைத்துவிட்டுச் சொருகியிருக்கிறார்களா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் கம்பி பிள்ளைகள் நடக்கும் வழியில் கிடக்கிறதா என்று பார்ப்பேன். டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் எதையும் போடமாட்டேன். வேதாரண்யம் பக்கத்துப் பள்ளிகளில் இது வீண் பயம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வகுப்பறைத் தரை நாள்கணக்கில் ஈரம் காயாமல் கிடக்கும். பிள்ளைகள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது உப்பு. அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு பக்கம் உப்பளங்களைத் தாண்டி வரும் காற்று எல்லா உலோகத்தையும் தின்னும். செம்புக் கம்பி முனைகளில் பச்சை பூத்திருக்கும். சிபியுவைத் திறந்தால் திருகாணி துருவேறி, திருப்புளி வழுக்கும். ‘கம்ப்யூட்டர் செத்துப்போச்சு’ என்று மூலையில் தள்ளி, மேலே துணி போர்த்தி வைத்த பல பெட்டிகளில் ராம் பட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் முனையைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினால் உயிர் வந்துவிடும். அதனால் என் பையில் எப்போதும் ரப்பர், திருப்புளி செட், ஒரு பழைய பெயின்ட் பிரஷ், பொத்தான் பேட்டரி, பென்டிரைவ், செல்லோ டேப், கத்தரிக்கோல் இருக்கும். இதற்கெல்லாம் தனியாக நிதி கிடையாது. எங்கள் வட்டாரத்தில் இந்த வேலை செய்த எல்லோருமே கைக்காசில்தான் வாங்கினோம்.

எங்கள் பதவியின் பெயர் ஆசிரியர் பயிற்றுநர். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் காலத்தில் ஒன்றியந்தோறும் வட்டார வள மையம் வந்தது. அங்கிருந்து பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களுக்குத் துணையாக இருப்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட வேலை. 2018இல் அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள் வந்த பிறகும் வேலை மாறவில்லை. நான் கணிதப் பட்டதாரி. கணினி கொஞ்சம் கைவந்தவள் என்பதால் தொழில்நுட்பம் என்று எது வந்தாலும் என் பக்கம் திருப்பிவிடுவார்கள். எனக்கு அதில் மனக்குறை இல்லை. விரும்பித்தான் செய்தேன்.

தொடக்கப் பள்ளிக்குக் கணினி வந்து சேரும் வழிகள் பல. அரசு கொடுத்தது உண்டு. ஊர்க்காரர்கள் கொடுத்ததும் உண்டு. இந்தப் பக்கத்தில் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்கள் அதிகம். அவர்கள் காசு அனுப்ப, ஊரே கூடி மேளதாளத்தோடு பீரோ, நாற்காலி, பாய், குடம், வாழைப்பழத் தட்டுக்கு நடுவே கணினியையும் டிவியையும் தலையில் சுமந்து பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுவருவார்கள். பிள்ளைகள் தெருமுனை வரை ஓடிப்போய் எதிர்கொண்டு அழைப்பார்கள். பார்க்கவே மனம் நிறையும். மறுநாள் அந்தப் பெட்டியை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் இரண்டு ஆசிரியர்களின் தலையில் நிற்கும்.

ஈராசிரியர் பள்ளி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இந்த வேலையின் பாதி புரியாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. வகுப்புகளோ ஐந்து. ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துக்கொள்வார். மற்றவர் நான்கையும் ஐந்தையும் பார்ப்பார். அவரேதான் தலைமையாசிரியர், எழுத்தர், சத்துணவுக் கணக்குக்கும் பதில் சொல்பவர். அவரிடம் போய் ‘கணினியைப் பாடத்தில் பயன்படுத்துங்கள்’ என்று சொல்லிவிட்டு வருவது எளிது. அப்படிச் சொல்லிவிட்டு வருபவர்கள் யாரும் அந்த வகுப்பில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

போன உடனேயே பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது இதனால் நான் வைத்துக்கொண்ட வழக்கம். முதலில் பின்வரிசையில் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து அந்த ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பார்ப்பேன். எந்த இடத்தில் அவர் தொண்டை வறண்டு போகிறது, எந்தப் பிள்ளைக்கு நான்காவது முறையாக அதே எழுத்தைச் சொல்லித் தருகிறார், இரண்டாம் வகுப்புக்குச் சொல்லும்போது முதல் வகுப்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கவனிப்பேன். கருவிக்கு அந்த வகுப்பில் இடம் இருக்கிறதென்றால் அது இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். எங்குமே இல்லையென்றால் பேசாமல் வயரிங்கை மட்டும் சரிபார்த்துவிட்டு வந்துவிடலாம். அதுவும் உதவிதான்.

பெரும்பாலும் பள்ளியில் என்னை வரவேற்பது பாடத்தைப் பற்றிய பேச்சாக இருக்காது.

“மேடம், சாமி மாதிரி வந்தீங்க. ரெண்டு நாளா சைட்டு திறக்கவே மாட்டேங்குது. நெட்டு இருக்கு, ஆனா போகல.”

திரையில் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை நிற்கும். மூலையில் தேதியைப் பார்த்தால் பல வருஷம் பின்னால் இருக்கும். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் கணினிக்கு நாள், நேரம் தவறாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை போடும்போதும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று ஆயுள் இருக்கிறது. கணினியின் தேதி அதற்கு வெளியே நின்றால் அது கதவைத் திறக்காது. இவ்வளவுதான் விஷயம். சிஆர் 2032 என்று கேட்டால் கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமே கிடைக்கும். விலையும் அதிகமில்லை.

இதை நானே ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். மாற்ற மாட்டேன். தலைமையாசிரியர் கையில் திருப்புளியைக் கொடுத்து, பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வருவேன். “எனக்கு இதெல்லாம் வராது மேடம்” என்பார். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஊசி மாற்றி, பாபினைச் சரிசெய்யும் கை அது. வராமல் எப்படிப் போகும்? அன்றைக்கு அவர் கையாலேயே மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றிவிட்டால், அடுத்த முறை அந்தப் பள்ளியிலிருந்து எனக்கு வரும் போன் வேறு மாதிரி இருக்கும். “மேடம், தேதி சரியாத்தான் இருக்கு, அப்பவும் போகல, வேற என்ன பார்க்கணும்?” என்பார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வேலை. மாதத்தில் ஒருமுறையோ இரண்டு மாதத்தில் ஒருமுறையோ வந்துபோகும் ஆளை நம்பி ஒரு பள்ளி இருக்கக் கூடாது. நான் போகாத நாட்களில் அந்தப் பெட்டி ஓடுகிறதா என்பது ஒன்றுதான் என் வேலைக்கு அளவு.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி எதற்கு என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. நான் சொல்லும் பதில் தமிழ்99 விசைப்பலகை.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அந்த விசைப்பலகையை அரசு ஏற்றது. உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். க விசையைத் தட்டி இ விசையைத் தட்டினால் திரையில் ‘கி’ வரும். கவனியுங்கள், இது முதல் வகுப்புப் பாடமேதான். ‘க் கூட இ சேர்ந்தா கி’ என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதி எழுதி, பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லி, ஆனாலும் பாதிப் பேருக்கு அது வெறும் பாட்டாகவே நின்றுவிடும் இடம் அது. கணினியில் பிள்ளையின் இரண்டு விரல்கள் அதைச் செய்கின்றன. திரையில் க நிற்கிறது. இ தட்டியதும் அந்தக் க தலையில் கொக்கி முளைத்துக் கி ஆகிறது. ஒ தட்டினால் இரண்டு பக்கமும் குறி முளைத்துக் கொ ஆகிறது. கொம்பை முதலில் எழுதுவதா, எழுத்தை முதலில் எழுதுவதா என்று நோட்டில் குழம்பும் பிள்ளைக்கு, காதில் எந்த வரிசையில் விழுகிறதோ அந்த வரிசையில் தட்டினால் போதும் என்பது பெரிய விடுதலை.

போனில் எல்லோரும் செய்வதுபோல ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைப்பது பெரியவர்களுக்குச் சரி. அம்மா என்று எழுத நினைக்கும் ஆறு வயதுப் பிள்ளை அதற்கு முன் ஆங்கிலத்தில் ஏ, எம், எம், ஏ தெரிந்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த மூத்த ஆசிரியர்கள் பழைய தட்டச்சு முறையிலேயே வேகமாக அடிப்பார்கள். அவர்களை நான் மாற்றச் சொன்னதில்லை. என்.எச்.எம். ரைட்டரைப் போட்டுக் கொடுத்தால் ஒரே கணினியில் அவர் தன் முறையில் வினாத்தாள் அடிப்பார், பிள்ளைகள் தமிழ்99இல் எழுதுவார்கள். யூனிகோடில் அடித்தால் மட்டும் போதும், அடுத்த பள்ளிக் கணினியில் திறக்கும்போது வினாத்தாள் புரியாத குறிகளாக மாறாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

விசைகளில் தமிழ் எழுத்து இருக்காது. வெள்ளைத் தாளில் சின்னச் சின்னதாக எழுதி, வெட்டி, செல்லோ டேப் போட்டு ஒட்டுவோம். உப்புக் காற்றிலும் வியர்வையிலும் சீக்கிரமே உரிந்துவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தந்து ஒட்டினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். உரிந்தால் மறுநாள் காலையில் புதிது ஒட்டியிருக்கும்.

தமிழ்99இல் ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் அம்மா. ப, ந, த, உ என்று தட்டினால் பந்து. ந கரத்தின் மேல் புள்ளி தானே வந்து உட்காரும், ஏனென்றால் ந வும் த வும் இன எழுத்துகள். ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பெயரில் ‘சசி’ என்று வரும், தன் பெயரை அடிக்கப் பார்த்தாள். ச, ச, இ. திரையில் ‘ச்சி’ என்று வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் ச்சி. முகம் சுருங்கிவிட்டது. வகுப்பு டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே யோசித்தார். “முதல் ச வில என்ன ஒளிஞ்சிருக்கு? ச்… அ… ச. அந்த அ வை வெளியில கூப்பிடு பார்ப்போம்” என்றார். ச, அ, ச, இ. சசி வந்துவிட்டது.

அகரமேறிய மெய்க்குள் அ இருக்கிறது என்பதை இலக்கணமாகச் சொல்லிக் கொடுத்தால் அந்த வயதில் ஏறாது. அந்த வகுப்புக்கு அன்றைக்கு ஏறியது. பிறகு பிள்ளைகள் க வுக்குள், ம வுக்குள் எல்லாம் அ வைத் தேடத் தொடங்கினார்கள். விசைப்பலகை எனக்குத் தெரியும். ஆனால் ‘ஒளிஞ்சிருக்கு’ என்ற சொல் எனக்கு வந்திருக்காது. முதல் வகுப்பு எடுத்து எடுத்துப் பழகிய வாய்க்குத்தான் அது வரும். வருகிறவரிடம் கருவியைப் பற்றிய அறிவு இருக்கிறது, வகுப்பில் நிற்பவரிடம் பிள்ளையைப் பற்றிய அறிவு இருக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் சந்திக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் யாரும் தருவதில்லை.

நேரம் எங்கே போகிறது என்றும் சொல்ல வேண்டும். கையில் போனோடு போய் வகுப்பைப் பார்த்து, ஆசிரியர் இதைச் செய்தாரா, அதைச் செய்தாரா என்று கேள்விகளுக்கு டிக் அடித்துப் பதிவேற்றும் வேலை எங்கள் தலையில் வந்து சேர்ந்த பிறகு, பின்வரிசையில் உட்கார்ந்த என்னை ஆசிரியர் பார்க்கும் பார்வை மாறியது. போன் வெளியே வந்ததும் அவர் குரல் மாறும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மாட்டார். எனக்கு இது வராது மேடம் என்று என்னிடம் தைரியமாகச் சொன்னவர்கள், மதிப்பெண் போட வந்தவளிடம் எப்படிச் சொல்வார்கள்? துணைக்கு வருகிறவரும் மதிப்பிட வருகிறவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. இதைக் கூட்டங்களில் பலமுறை எழுந்து சொல்லியிருக்கிறேன். இப்போதும் அதே கருத்துதான்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எங்கள் கரையைக் கடந்தது. டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னையும் மாவும் வேரோடு போயின. பள்ளிகளில் ஜனங்கள் தங்கியிருந்தார்கள். கணினிகளைப் பற்றிப் பேசும் நேரம் இல்லை அது. கரன்ட் வந்து பள்ளிகள் திறந்த பிறகு நனைந்த பெட்டிகளை வெயிலில் காயவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பலவற்றை இனி ஓடாது என்று கழித்துவிட்டோம். ஆனால் கணினியைத் தரையிலிருந்து உயர்த்திய மேசையில் வைப்பது, மழைக்காலத்தில் பாலித்தீன் உறை போடுவது, வெள்ளிக்கிழமை மாலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவது எல்லாம் அதன் பிறகு எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளில் வழக்கமானது.

கரோனா காலம் வேறு விதமான சேதம். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் பாதி எழுத்து படித்துவிட்டுப் போன பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. 2019இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்த நாட்களில் உதவியது உண்மைதான். கேபிள் இருந்த வீட்டில், யாராவது பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்த வீட்டில் உதவியது. உப்பளத்துக்கு விடியுமுன் போய்விடும் தாய் தகப்பனின் பிள்ளைக்கு டிவி முன்னால் யார் உட்காருவார்கள்? தன்னார்வலர்கள் தெருவில் உட்கார்ந்து சொல்லித் தந்த இல்லம் தேடிக் கல்விதான் அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. திரைக்குப் பக்கத்தில் மனிதர் ஒருவர் வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வது அந்த இரண்டு வருஷத்தைப் பார்த்ததால்தான்.

அதன் பிறகு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளைகளை அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து அழைத்துப் போகும் முறை அது. இங்கேதான் பழைய டெஸ்க்டாப்புக்கு நிஜமான வேலை கிடைத்தது. டீச்சர் அரும்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது மொட்டுப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக விசைப்பலகைக்கு வருவார்கள். ஒருவர் படித்துச் சொல்ல, ஒருவர் தட்டுவார். பிறகு இடம் மாறுவார்கள். படிப்பவர் தப்பாகப் படித்தால் தட்டுபவர் விடமாட்டார். டீச்சர் எழுந்து வரத் தேவையே இல்லை. சில பள்ளிகளில் டக்ஸ் பெயின்ட் போட்டுக் கொடுத்தேன். காசு கொடுக்க வேண்டாத மென்பொருள், இணையமும் வேண்டாம். அதில் ஒரு பக்கம் வரைந்தால் மற்ற பக்கங்களிலும் அதே கோடு விழும் கருவி ஒன்று உண்டு. மார்கழியில் பிள்ளைகள் அதில் கோலம் போட்டு, அதையே மாலையில் வாசலில் போட்டுப் பார்த்தார்கள்.

இப்போது தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை, ஆசிரியர் கையில் டேப்லெட் எல்லாம் வந்துவிட்டன. 2018இலேயே பாடநூல்களில் கியூஆர் குறியீடு வந்தது. அப்போது கோடியக்கரைப் பக்கம் சிக்னல் கிடைக்காமல் வள மையத்தில் வீடியோவை இறக்கிப் பென்டிரைவில் தூக்கிக்கொண்டு போவேன். இன்றைக்கு அந்தச் சிரமம் குறைந்திருக்கிறது. வேறொரு சிரமம் கூடியிருக்கிறது. வீடியோ ஓடினால் வகுப்பு அமைதியாக இருக்கும். அமைதியைப் பார்த்துப் பாடம் நடக்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு டீச்சர், கதை சொல்வதில் கெட்டிக்காரர், புது ஸ்மார்ட் போர்டு வந்ததும் கதையை அதனிடம் விட்டுவிட்டு ஓரமாக நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டச் சொன்னேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் படத்தை நிறுத்தி, “இப்ப இந்த நரி என்ன பண்ணும்?” என்று கேட்டார். பதினைந்து பதில் வந்தது. அதன் பிறகு அந்த வகுப்பில் போர்டு படம் காட்டும், கதையை டீச்சர் சொல்வார். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை அவர் முந்தின நாள் வீட்டிலேயே டேப்லெட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் மென்பொருள் பட்டியல் கேட்கிறார்கள். தருகிறேன். கூடவே மூன்று சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள், அன்றைக்கு ஆசிரியருக்கு மூச்சு விட நேரமிருக்காது. மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், பழுதான பொருள்களின் நிஜப் பட்டியல் அங்கேதான் கிடைக்கும். கிளம்பும் முன் அடுத்து வரும் தேதியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டு, அந்தத் தேதியில் போங்கள். அதிகாரிகளிடம் நான் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான்: ஒரு பயிற்றுநருக்குக் கொடுக்கும் பள்ளிகளை மூன்று வருஷமாவது மாற்றாதீர்கள். எந்தச் சுவரில் எந்த ப்ளக் பாயின்ட் ஷாக் அடிக்கும், எந்த டீச்சருக்குக் கதை வரும், எந்தப் பிள்ளைக்கு மொட்டிலிருந்து மலருக்குப் போக எழுத்து ஒன்று இடிக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருஷம் போய்விடுகிறது.